புதன்கிழமை முதலாளி

சைடு பிசினஸ்காரர் என்றோர் இனம் நம்மிடையே உலவி வருகிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "இந்த வேலையை நம்பியா சார் நான் இருக்கேன்?" என்று அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு முறை சொல்வார், சம்பளம் அரை நாள் தாமதமானால் கணக்குப் பிரிவின் வாசலில் முதல் ஆளாக நிற்பார். டீ குடிக்கப் போனால் டீயைக் குடிக்க மாட்டார். டீக்கடைக்காரர் காலையிலிருந்து எத்தனை கிளாஸ் ஊற்றினார், ஒரு கிளாஸில் எவ்வளவு நிற்கும் என்று உதடு அசையக் கணக்குப் போட்டுவிட்டு, ஆறிப்போன கிளாஸைக் கீழே வைத்து, "நாமெல்லாம் முட்டாளுங்க" என்பார். அந்த "நாமெல்லாம்" உங்களைத்தான் குறிக்கிறது. அவர் அதில் சேர்த்தியில்லை.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் கோப்பு அறையில் பதினெட்டு வருடமாக எழுத்தர். கோப்புக்கு எண் போட்டு, நாடா கட்டி, அலமாரியில் செருகுவது அவர் உத்தியோகம். அதை அவர் ஒழுங்காகச் செய்ததாகவே எல்லோரும் சொல்கிறார்கள். சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் மொத்தக் கடைகள் இருக்கும் தெருவில் மழைக்கு ஒதுங்கினார்.

ஒதுங்கிய கடையில் காய் நறுக்கும் கருவிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஆறு தகடுகள், ஒரு கைப்பிடி, ஒரு டப்பா. சும்மா நிற்கிறோமே என்ற கூச்சத்தில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"சில்லறையா, மொத்தமா?"

பதினெட்டு வருடத்தில் அவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா வேண்டாமா என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் "சில்லறை" என்று தன் வாயால் எப்படிச் சொல்வது?

"மொத்தம்" என்றார்.

கடைக்காரர் உடனே எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அப்புறம் என்ன, இருபது பெட்டிகள். போன மழைக்காலத்திலிருந்து போகாமல் கிடந்த சரக்கை ஒரு மனிதன் தலையில் கட்டிய திருப்தியில் கடைக்காரர் வேன்வரை வந்து வழியனுப்பினார். நம்மவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இருப்பது இரண்டு அறை. அதில் ஒன்றில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தார். இருபது பெட்டிகளும் அங்கே ஏறின. மெஷின் சமையலறைக்குப் போனது.

"என்னங்க, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. அடுப்புப் பக்கத்துல வெள்ளைத் துணியை வெச்சு எப்படித் தைக்கிறது?"

"ஒரு மாசம் பொறுத்துக்கோ. அப்புறம் நீ தைக்கவே வேண்டாம்."

"எனக்குத் தைக்கணும்" என்றார் மனைவி. அது நம்மவர் காதில் விழவில்லை. அவர் அப்போது விசிட்டிங் கார்டில் "நிறுவனர்" என்று போடுவதா, "நிர்வாக இயக்குநர்" என்று போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டையும் போட்டார்.

சந்தையில் ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் கிடைப்பதாக இல்லை. பழைய ஆட்கள் விட மாட்டார்கள். புதன்கிழமை ஒரு மூலை காலியாக இருந்தது. புதன்கிழமை அலுவலகம் உண்டே? அதனாலென்ன, வயிறு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? "கடுமையான வயிற்றுவலி" என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மடக்கு மேசை, மேசைக்குத் துணி, மூன்று கிலோ கேரட், ஒத்தாசைக்கு மனைவி சகிதமாகக் காலை எட்டு மணிக்கே போய் இறங்கினார். மனைவி ஏன் வந்தார்? பெட்டிகள் குறைந்தால் அறை திரும்பக் கிடைக்கும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

பத்து மணிவரை ஒன்றுகூட விற்கவில்லை. நம்மவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பையோடு நின்ற ஒரு பெண்ணிடம், எஃகின் தன்மை, கூர்மையின் கோணம், நேரமே செல்வம் என்பது, இன்றைய குடும்பப் பெண் சமையலறையில் வீணடிக்கும் மணிகள் என்று தொடங்கி நாட்டின் பொருளாதாரம்வரை வந்தபோது, அந்தப் பெண் பக்கத்துக் கடையில் வாளி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வாளிக்காரருக்கே பாவமாக இருந்தது. "அண்ணே, வாங்க வர்றவங்களையும் கொஞ்சம் பேச விடுங்க."

"உங்களுக்கு மார்க்கெட்டிங் தெரியாது" என்றார் நம்மவர். வாளிக்காரர் மூன்றாவது வாளியை விற்கப் போய்விட்டார்.

அடுத்து செயல்முறை விளக்கம். வீட்டில் ஒரு வெங்காயம்கூட உரித்தறியாத கை கேரட்டைப் பிடித்தது. தகடு கேரட்டோடு கட்டைவிரலையும் ருசி பார்த்தது. மனைவி கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டு, "அப்படி உட்காருங்க" என்று அவரை நகர்த்தினார். கேரட்டைக் கழுவிவிட்டு மேசைக்குப் பின்னால் நின்றார்.

"ஆறு தகடும் நல்லா இருக்குமா?" என்று கேட்டார் ஒரு அம்மா.

"இல்லம்மா. இந்த ரெண்டுதான் உருப்படி. மத்த நாலும் டப்பாலயே கிடக்கும். ஆனா இந்த ரெண்டுல வெங்காயம் சட்டுனு முடிஞ்சிடும்."

அந்த அம்மா இரண்டு வாங்கினார். ஒன்று தங்கைக்காம். பின்னால் நின்றவர்களும் வாங்கினார்கள். "சரக்கை நீயே மட்டம் தட்டினா எப்படி?" என்று நிறுவனர் பல்லைக் கடித்தார். மனைவி ஐந்தாவது பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. அலுவலக மேனேஜர். நம்மவர் லீவுக்கு எழுதிக் கொடுத்த வயிற்றுவலி இப்போதுதான் நிஜமாக வந்தது. யோசிக்க நேரமில்லை. மேசைத் துணியைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேனேஜர் நேராக இந்த மேசைக்கே வந்தார். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் போகுதாம்மா? சரக்கு எங்கேருந்து எடுக்கறீங்க?"

அவர் யார் என்று மனைவிக்குத் தெரியாது. "அதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் சார். இப்ப இங்கதான் இருந்தார்." சுற்றிலும் தேடினார். பிறகு குனிந்து துணியைத் தூக்கினார். "என்னங்க, கீழ என்ன பண்றீங்க? சார் ஏதோ கேக்கறார் பாருங்க."

நிர்வாக இயக்குநர் தவழ்ந்து வெளியே வந்தார். மேனேஜர் பார்த்தார். அவர் முகமும் ஒரு மாதிரி வெளுத்தது. கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்துக்கு நம்மவர் போன நடையைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வேலையை நம்பி இல்லாத அந்த மனிதர், நாற்காலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இருபது கோப்புகளுக்கு மூச்சு விடாமல் நாடா கட்டினார். பதினொரு மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"கதவைச் சாத்துங்க."

சாத்தினார்.

"நேத்து எனக்குத் தலைமை ஆபீஸ்ல மீட்டிங். அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்."

"ஆமா சார்."

"நானும் அங்க இடம் கேக்கத்தான் வந்தேன்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. ஏதாவது ஒண்ணு பண்ணலாம்னு... அந்தக் காய் நறுக்கறது சுமாராப் போகுமா?"

நம்மவர் முதுகு நிமிர்ந்தது. கட்டைவிரல் கட்டோடு நாற்காலியை இழுத்து, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். "முதல்ல மனுஷங்களைப் படிக்கணும் சார். வாயைத் திறக்கவே கூடாது. ஆறு தகடுல ரெண்டுதான் உருப்படின்னு உண்மையைச் சொல்லிடணும். இதெல்லாம் நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சது." முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோது மீதியிருந்த பதினோரு பெட்டிகளும் மேனேஜருடையவை ஆகியிருந்தன.

சனிக்கிழமை வேன் வந்தது. மனைவி மெஷினை அறைக்கு நகர்த்தி, எண்ணெய் போட்டு, வெள்ளைத் துணியை விரித்தார். நம்மவர் ஜன்னல் பக்கம் நின்று, அடுத்து குடையா, பாய்களா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மனைவி அறைக்கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒன்றைக் கவனித்தீர்களோ என்னவோ, காய் நறுக்கும் கருவி என்ன விலை என்று இங்கே எங்கும் சொல்லவில்லை. பெட்டிக்கு எத்தனை என்பதும் இல்லை. சாதாரண மனிதர்களுக்கு அந்தச் சந்தேகம் எழுந்தே இருக்காது.

உங்களுக்கு எந்த இடத்தில் எழுந்தது?