நான் அழித்த எண்கள்

படிக்காதவனால் பெரிய ஆபத்தில்லை. பாதி படித்துவிட்டு, மீதி தானாகவே வந்துவிட்டதென்று நினைப்பவன்தான் ஆபத்தானவன். ஒன்பதாவதோடு நின்ற நான் அந்த ரகம்.

அரியாங்குப்பத்தில் இரண்டு வருஷம் பெயின்ட் அடித்தேன். வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் பெட்டி அடுக்கினேன். இடையிடையே பட்டினி, அதற்கெல்லாம் அனுபவச் சான்றிதழ் தரமாட்டார்கள். பிறகு செல்போனில் வீடியோ பார்த்து வெப்சைட் வேலை கற்றுக்கொண்டு, மூலக்குளத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்குள் நுழைந்தேன். முதலாளியிடம் சண்டை போட்டுச் சேர்த்துவிட்டவர் டீம் லீடர் கவிதா அக்கா. மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கடைசி வாரம் வரை எந்தக் கேடும் செய்யவில்லை.

எங்கள் வெப்சைட்டுகள் அத்தனைக்கும் நிறம், எழுத்து, பட்டன் எல்லாம் ஒரே பொது ஃபோல்டரிலிருந்துதான் போகும். உள்ளே நாற்பது ஸ்டைல் ஃபைல்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எண். 'ரேஷன் கடை டோக்கனா இது?' என்று இளக்காரமாகச் சிரித்தேன். (யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மேதை பட்டம் போய்விடுமே!) எண்களையெல்லாம் அழித்தேன். மருந்துக் கடை அலமாரி போல ஏ முதல் இசட் வரை ஃபைல்கள் அழகாக நின்றன.

மறுநாள் காலை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கள் டோக்கன் பக்கத்தைப் பார்க்க வந்தார்கள். டீ கொடுத்த கையோடு நான் முந்திக்கொண்டேன்.

"உள்ள எல்லாத்தையும் நேத்து நான்தான் சார் ஒழுங்குபடுத்தினேன்."

பக்கம் திறந்தது. நிறமில்லை, கட்டமில்லை; வெள்ளையில் நாலு வரி. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"டோக்கன் எடுக்கற பட்டன் எங்கபா?"

கூட வந்த நர்ஸம்மா ஆறுதல் சொன்னார். "அங்கங்க அழுத்திப் பாருங்க சார், எங்கியாவது கெடைக்கும்."

அதற்குள் ஒரு கல்லூரியிலிருந்து போன். அவர்களுடைய விண்ணப்பப் படிவமும் வெளுத்துப் போயிருந்தது.

கவிதா அக்கா ஃபோல்டரைத் திறந்து பார்த்தார்.

"நம்பரு இன்னாடா ஆச்சு?"

"அசிங்கமா இருந்துச்சுக்கா. எடுத்துட்டேன்."

"அந்த வரிசையிலதான்டா ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். மொதல்ல இருந்த ரீசெட் ஃபைலு எல்லாத்தையும் தொடைக்கறது. ஏ, பி, சின்னு அடுக்கி, 'ஆர்'ல ஆரம்பிக்கற அத வாலுல கொண்டுபோய் வச்சிருக்க. வூட்டுக்குக் கலர் அடிச்சிட்டு அதுமேல எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா? நீ பெயின்டர் வேலைதானடா பார்த்த?"

ஆஸ்பத்திரிக்காரர்கள் சிரிப்பில் அந்த ஏசி அறை அதிர்ந்தது.

எண்களைத் திரும்பப் போட அக்காவுக்கு அரைமணி நேரமானது. முதலாளி எனக்கு இன்னும் ஆறு மாதம் சோதனைக் காலம் போட்டார். அதுவும், "இவன் எதைத் தொட்டாலும் நீ பக்கத்துல இரு" என்று அக்காவுக்குத் தண்டனையோடு.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு நானே பெயின்ட் அடித்தேன். மனைவி இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ப்ரைமர் வாளியில் பெரிதாக 1, கலர் வாளியில் 2.

"அழிச்சிடாத" என்றாள்.