இடப்பக்கத்துப் பூஜ்ஜியங்கள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, முகத்தைக் காட்டத் துணிவில்லாத மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் உடம்பால் சுகம். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால் வீடும் சுகமாகத்தான் இருக்கிறது.

களப்பணிக்குப் போன இடத்தில் இணையம் கிடைக்காமல், வேலை விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டிய உங்கள் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை என்னிடம் தந்து, "அப்படியே அனுப்பிடுங்க மாமா, போதும்" என்றீர்கள். அந்த 'அப்படியே' என் காதில் ஏறவில்லை. அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன். ஓர் ஒற்று மிகுந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் ரயில் மாதிரி நீளமாக ஓர் எண். பச்சைக் குழந்தைகளின் தூக்கம் பற்றி எழுதியிருந்தீர்களே, அதன் எண்ணில் ஏழுக்கு முன்னால் வரிசையாகப் பூஜ்ஜியங்கள் வெட்டியாக நின்றன. இடப்பக்கத்துப் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவனாயிற்றே, எடுத்துவிட்டேன். நேர்காணலில் தேர்வுக்குழுத் தலைவரம்மா கணினியில் அந்த எண்ணை அழுத்தினால், 'பன்றிகள் ஒன்றன் வாலை ஒன்று கடிப்பது ஏன்?' என்று வேறு யாரோ எழுதிய கட்டுரை வந்து நின்றதாம். "அடுத்தவங்க கட்டுரையை உங்களதுன்னு போட்டிருக்கீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் உங்களைக் கேட்டாராம். திருடன் பட்டம் வாங்கிக் கொடுத்த மாமனார் உலகத்தில் நான் ஒருவன்தான்.

மகள் போனில் கேட்டாள். "அப்பா, ஏதாவது திருத்துனீங்களா?"

"சும்மா, பூஜ்ஜியம் மட்டும்தாம்மா."

"ஐயோ! பத்திரிகை எந்த வெப்சைட்டுக்குக் குடிபோனாலும் கட்டுரையைத் தேடிக் கொடுக்கிற நம்பர்ப்பா அது. ஒரு எழுத்து, ஒரு குறி மாறினாலும் அடுத்தவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்!"

உடனே கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை அலுவலகத்தை அழைத்து, நீங்களும் அந்தப் பூஜ்ஜியங்களை எடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுமே என்று கெஞ்சினேன். "ஐயா, கொடுத்த நம்பர் கொடுத்ததுதான்" என்று அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது. கடைசியில் தலைவரம்மாவிடமே போய், குற்றவாளி நான்தான் என்று கைகட்டி நின்றேன். "திருத்தின பட்டியலைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பச் சொல்லுங்க, மறுபடி பார்க்கிறோம்" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இனி யார் எழுத்திலும் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.

உங்களுக்கு அந்த வேலை நிலைக்கவும், நீங்களும் மகளும் நிறைவாக வாழவும் வாழ்த்துகிறேன்,
வாழ்த்தும் யோக்கியதை இல்லாத
மாமனார்.

பி.கு.: உங்கள் போன் கிடைக்காததால், நீங்கள் முதலில் தந்த பட்டியலையே எடுத்து நானே அனுப்பிவிட்டேன். எண் ஒன்றையும் தொடவில்லை, சத்தியம். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஒரு கோடு சாய்ந்து கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் அதை மட்டும் நேராக நிமிர்த்தி வைத்தேன்.