அப்பாவின் கொலஸ்ட்ரோலுக்குக் கட்டிய காப்பு

நிவித்திகல,
12.05.2004

கொழும்பில் தையல் மெஷினோடு மல்லாடும் என் அன்பு கோகிலா அக்காவுக்கு, தங்கை கேஷானி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். அவரும் தான் நலம் என்றுதான் சொல்கிறார், அதுதான் பிரச்சினை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு, கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது, கொழுப்பு இரத்தக் குழாயில் படிந்து மாரடைப்பு வரலாம், தினமும் இரவில் மாத்திரை போடுங்கள், பன்றிக்கறியையும் பொரியலையும் குறையுங்கள், நன்றாக நடங்கள் என்று டொக்டர் சொன்னார். அப்பா நெஞ்சைத் தடவிப் பார்த்து, "எங்கயும் வலிக்கலையே மாத்தயா, அப்புறம் என்ன சீக்கு?" என்றார். அந்த ஞாயிறே பன்றிக்கறி வாங்கி வந்தார். அம்மா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் பூசாரி நடராஜா மாமாவிடம் கூட்டிப்போய் அப்பாவின் கையில் மஞ்சள் காப்பைக் கட்டவைத்துவிட்டாள். திருவிழாவில் தீ மிதிக்கிறவர்கள்தான் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள், அதற்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது! டொக்டருக்குப் பயப்படாதவர் மாரியம்மனுக்குப் பயந்து கறியைத் தொடவில்லை. ஆனால் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அவர் தீ மிதிக்கப் போகிறார் என்று கும்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"டொக்டர் நடக்கத்தானே சொன்னாரு, அண்ணே?" என்று பக்கத்து வீட்டு இருளாயி அத்தை கேட்டதற்கு, "நெருப்புல நடக்கச் சொன்னாரா?" என்று அப்பா பாய்ந்தார்.

அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "காப்புக் கட்டின ஒடம்புக்கு மாத்திரை எதுக்கு? மாரியாத்தா பாத்துக்குவா."

எனக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை. ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற நான், தனியாகக் கோயிலுக்குப் போய், "மாமா, மாத்திரையையும் விரதத்துல சேத்துருங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது பொழுதுபட்டுப் பூசை முடிந்ததும், "வாயத் தொற மச்சான்" என்று திருநீறோடு மாத்திரையையும் கொடுக்கிறார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். கோயில் மேடு ஏறி இறங்குவதில் நடையும் ஆகிறது.

ஆகவே நீ லீவு போட்டு வர வேண்டாம். வீட்டில் குண்டாக இருப்பவர் அப்பா மட்டும்தான். அம்மாவும் நானும் ஈர்க்குச்சி, எங்களை இந்தச் சீக்கு அண்டாது. அம்மன் உன் விரல்களை ஊசியிடமிருந்து காக்கட்டும்.

உன் தங்கை,
கேஷானி

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கிளினிக் முடிவு வந்துவிட்டது. அப்பாவுக்குக் குறைந்திருக்கிறது. துணைக்குப் போன அம்மாவையும் சோதித்தார்கள். அப்பாவுக்கு முதலில் இருந்ததைவிடக் கூடுதலாம்! ஒல்லி, குண்டு பார்த்து இது வருவதில்லையாம். தனக்குக் கொடுத்த மாத்திரையை அம்மா அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டாள். காப்பு யோசனையே அவளுடையது என்பதால் அது அவளிடம் பலிக்காது. அவள் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். அக்கா, உடனே லீவு போட்டு வா.