இடைவேளையில் வேலை போன கோச்

தண்டலம்,
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி ஜீவானந்தத்துக்கு, அக்கா செந்தாமரை எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். பாண்டிச்செல்வியும் பிள்ளைகளும் நலம்தானே?

இன்று காலை கல்லூரி ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக, கால்பந்து ஹெட் கோச் அறைக் கதவிலிருந்து சாம்சன் சாரின் பெயரைச் சுரண்டி எடுத்தேன். ஸ்டிக்கர்தான். பெயிண்டில் எழுதுவதை மூன்று கோச்சுக்கு முன்பே நிறுத்திவிட்டோம். "பேரை மட்டும் வாட்ஸ்அப் பண்ணுங்க மேடம், சைஸு நம்மகிட்ட கீது" என்கிறார் கடைக்காரர்.

அந்த ஹெட் கோச் வேலைக்குத்தான், தூத்துக்குடியில் நிரந்தரமான பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தாளாளர் கோதண்டம் ஐயாவின் மைத்துனர் நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் கல்லூரி நடத்துகிறார். இரண்டு கல்லூரிக்கும் வருஷத்துக்கு ஒரு பந்தயம். வேறு எங்கே தோற்றாலும் மன்னிப்பு உண்டு, இதில் தோற்றால் கோச் வீட்டுக்குப் போகவேண்டும். மூன்று மணிக்கு மேல் எமகண்டம் என்று தாளாளர் ஆட்டத்தை இரண்டு மணிக்கே வைத்துவிட்டார். எங்கள் பதினொரு பேரில் நான்கு பேர் ஒரகடத்துக் கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறார்கள், அன்று முதல் ஷிஃப்ட், மதியம் இரண்டரைக்குத்தான் விடுவார்கள். ஏழு பேரோடு இறங்கி நான்கு கோல் வாங்கினோம். இடைவேளையில் தாளாளர் பந்தலிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாய்யா சாம்சன், மத்த ஆளுங்க எங்க?"

"ஃபேக்டரில கீறானுங்க சார்."

"அப்ப நீயும் அங்கயே போய்க்கோ."

சாம்சன் சார் விசிலை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மைத்துனர் கல்லூரியில் போன வாரத்திலிருந்து கோச் இல்லை. அந்த நான்கு கோலும் கோச் இல்லாமல் அடித்தவை. இருந்தாலும் டீ முடிவதற்குள் சாம்சன் சாரை அவர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கம் நின்று எனக்குக் கையசைத்தார்.

நான் கம்பெனி பஸ் டிரைவர் முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். பூந்தமல்லி போகிற பஸ், வழியில்தான் நாங்கள். "நாலு பேரை எங்க கேட்டுல எறக்கிடுங்கண்ணே."

"நடுவுல நிறுத்துனா சூப்பர்வைசர் கத்துவான்மா."

"மேட்ச்சுண்ணே, நாலு கோல் வாங்கிட்டோம்."

"அத மொதல்ல சொல்றதில்ல?" என்றவர், பஸ்ஸை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். ஷிஃப்ட் முடித்த நால்வரும் கம்பெனிச் சட்டையோடு இறங்கி ஓடினார்கள். இரண்டு கோல் அடித்தோம். ஒன்றை சக்திகுமார் சேஃப்டி ஷூவால் அடித்தான்.

தோற்றது தோற்றதுதான். ஆனால் தாளாளருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாம்மா, ஆளத் தூக்குனதும் கோல் வுழுது! இனிமே எல்லா மேட்ச்சுலயும் ஹாஃப் டைம்லயே தூக்கிடணும்."

ஆகவே தம்பி, இருக்கிற இடத்தில் இரு. பாதி ஆட்டம்கூடத் தாங்காத வேலை, குடும்பஸ்தனுக்கு ஆகாது. பாண்டிச்செல்விக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
செந்தாமரை

பி.கு.: மேலே உள்ளது அத்தனையும் உண்மை. ஆனால் இந்த ஊர் கோச்சுக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பது. அது எனக்குத் தெரியும். பந்தும் தெரியும், உனக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே. என் ஆபீஸ் வேலையும் நிரந்தரமானதுதான். நாளை அதை ராஜினாமா செய்துவிட்டு, ஹெட் கோச் வேலையைத் தாளாளரிடம் கேட்கப்போகிறேன். உன் அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை. விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவில் பெயரைப் பெயிண்டில்தான் எழுதச் சொல்வேன்.