பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த என் ஆத்மா

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் மெக்சிகோவில் எங்கள் சோலாபான் ஊரில் கோழிக்குக்கூட மரியாதை கூடிவிடும். வெராக்ரூஸ் கடற்கரை ஊர்களிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குவார்கள். மூட்டுவலிக்காரர்கள், வியாபாரம் படுத்தவர்கள், புருஷன் ஓடிப்போனவர்கள். ஆளுக்கொரு முட்டை. கைக்குட்டையில் சுற்றியது, சட்டைப்பையில் போட்டது, மார்போடு அணைத்துக்கொண்டது. அத்தனை முட்டையும் போய்ச் சேரும் இடம் மந்திர வைத்தியர் தோன் திராங்கிலினோவின் தகரக் கொட்டகை.

'தோன்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'; அந்த ஐயா மகா நேர்மையானவர். முட்டை அவருடையது அல்ல, உங்களுடையது. முந்தின இரவு உங்கள் கட்டிலுக்கடியில் வைத்துத் தூங்கி, நீங்களே கொண்டுவர வேண்டும். "நான் முட்டை குடுத்தா ஏமாத்துறான்னு சொல்லுவீங்க" என்பார். ஆகா, எப்பேர்ப்பட்ட யோக்கியர்!

அந்த முட்டையை உங்கள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உருட்டுவார். வாய் நிறையக் கரும்புச் சாராயத்தை எடுத்து உங்கள் முகத்தில் 'புர்ர்' என்று ஊதுவார். எரிச்சல் தாங்காமல் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மூலிகைக் கட்டால் உங்களைச் சாத்துவார். கடைசியில் முட்டையைத் தண்ணீர் டம்ளரில் உடைப்பார். உள்ளே கறுப்பு ரத்தம், தலைமயிர், சமயத்தில் ஓர் ஆணி. "கன்னி மாதாவே!" என்று கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். கட்டணம் எல்லாம் கிடையாது, வெறும் உண்டியல்தான். பக்கத்தில் அவருடைய மச்சான் நின்று, போடுகிற நோட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசை முட்டாள் யார் என்கிறீர்களா? அடியேன் எர்மினியோ. உத்தியோகம், சிரிக்காதீர்கள், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். முட்டையில் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று கரும்பலகையில் படம் போட்டுப் பையன்களை மிரட்டியவன். அதில் எந்தக் காலத்திலும் ஆணி வரைந்ததில்லை.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின். பீன்ஸ் கூடாது, அவகாடோ கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பீன்ஸ் தின்னாத மெக்சிகோக்காரன் இருந்தென்ன, போயென்ன? போதாததற்கு மனச்சோர்வு வேறு. பல் விளக்க வேண்டும் என்று காலையில் நினைப்பேன். சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டே இருப்பேன். என் மனைவி ஒப்தூலியா சோளக்கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள். அது ஆறி ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அன்றைக்கு என் வேலை.

டாக்டரிடம் கேட்டால், மாத்திரையும் மிஷினும் ஆயுசு முழுக்க என்றார். திராங்கிலினோ மூன்று வெள்ளிக்கிழமை என்றார். நீங்களே சொல்லுங்கள், எது மலிவு?

"இது மனச்சோர்வும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்றார் முதல் வெள்ளியில், டம்ளருக்குள் மிதந்த மயிரைக் குச்சியால் கிளறிக்கொண்டே. "பயத்துல உன் ஆத்மா கழண்டு விழுந்திருச்சு. எங்கேயோ ஒரு நாய் உம்மேல பாஞ்சுச்சா இல்லியா?"

எங்கள் ஊரில் நாய் பாயாத மனிதன் யார்? "பஸ் ஸ்டாப்புல பாஞ்சுது சாமி!" என்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

"அங்கதான் உக்காந்திருக்கு. போய்க் கூப்பிடுங்க."

ஒப்தூலியா பஸ் நிறுத்தத்துக்குப் போய் என் பழைய சட்டையை ஆட்டி, "எர்மினியோ, வீட்டுக்கு வந்துடு கெழவா, அங்கேயே உக்காந்துடாத!" என்று கூவினாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பஸ்காரன் எட்டிப் பார்த்து, "அந்தம்மா உங்களத்தான் கூப்பிடுறாங்க, காது கேக்கலையா?" என்று என்னை அதட்டினான்.

இரண்டாம் வெள்ளி, "மாத்திரை ஆத்மாவ உள்ள விடாது" என்றார். நிறுத்தினேன். "அடுத்த வெள்ளி கடைசி. அதுக்கப்புறம் மிஷின் பக்கமே தலை வெச்சுப் படுக்காத, அது ரத்தத்தோட ஆத்மாவையும் உறிஞ்சுது" என்றார். சரி என்றேன்.

நம்பினேனா? பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லவே நாக்குக் கூசுகிறது. எனக்கு வாழ அலுத்திருந்தது; மிஷினை விட்டால் சில வாரத்தில் கதை முடியும் என்பதும் தெரியும். சாகிறேன் என்று ஒப்தூலியாவிடம் சொல்ல முடியுமா? குணமாகிவிட்டது என்று சொன்னால் அவளே போர்வை போர்த்திப் படுக்க வைப்பாள்.

மிஷினில் என் பக்கத்து நாற்காலி தோனியா கசில்தா அம்மாளுடையது. அவளுக்கும் சிறுநீரகம் இல்லை. வாய் மட்டும் மூன்று பேருக்கு உண்டு. ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிறாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரமாட்டேன், கசில்தா. எனக்குச் சரியாப் போச்சு."

"திராங்கிலினோவா?"

"ஆமா."

"அந்தாளுகிட்ட மூணு வாரம் போனவங்க நாலாவது வாரம் என் கடைக்குத்தான் வர்றாங்க. நடந்து வர்றதில்ல, வாத்தியாரே. உன் உயரத்துக்குப் பெட்டி ரெடியா இருக்கு. ஆனா எனக்கு அந்த வியாபாரம் வேணாம்."

"உனக்கு நம்பிக்கை இல்ல."

"எனக்கு எதுக்குய்யா? நீ போ. நானும் கூட வர்றேன். முட்டை மட்டும் என் கோழியோடது, சம்மதமா?"

என்னடா இது, அவளும் திருந்திவிட்டாளே என்று பூரித்துப்போனேன். வியாழன் மாலை முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்தியோடு கட்டிலுக்கடியில் வைத்துப் படுத்தேன்.

மூன்றாம் வெள்ளி. கொட்டகை நிறைய ஜனம். உருட்டினார், ஊதினார், மூலிகையால் சாத்தினார். கட்டைக் கீழே வைத்துவிட்டு முட்டையை உடைத்தார். குபுக்கென்று கறுப்பு ரத்தம், கொத்து மயிர், துரு ஆணி.

"கடைசி அழுக்கும் வெளிய வந்திருச்சு!"

கசில்தா எழுந்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, தோன் திராங்கிலினோ. பச்சை முட்டைதானே அது?"

"கண்ணு தெரியலையா? எப்படி ஒழுகுது பாரு!"

"நான் அத அரைமணி நேரம் கொதிக்கவிட்டு அவிச்சுல்ல குடுத்தேன்!"

திராங்கிலினோ டம்ளரை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினார். "கேட்டீங்களா ஜனங்களே! இவன்கிட்ட இருந்த கெட்டது அவிச்ச முட்டையவே பச்சையாக்கிருச்சு!"

"அற்புதம்!" என்று கூட்டம் மண்டியிட்டது. நானும் மண்டியிட்டேன். வெட்கங்கெட்டவன், விஞ்ஞான வாத்தியார்!

"வாத்தியாரே," என்றாள் கசில்தா, "உன் முழங்காலுகிட்ட கெடக்குதே இலைக்கட்டு, அத எடுத்து உதறு."

இந்த இடத்தில் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். எனக்கு உதற மனமில்லை. உதறினால் திங்கட்கிழமை மிஷின், புதன்கிழமை மிஷின், சாகும் வரை மிஷின். உதறாவிட்டால் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம்.

ஒப்தூலியாவைப் பார்த்தேன். அவள் மண்டியிடவில்லை. "உதறு கெழவா," என்றாள். "மிஷினுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். தெனமும் வேணும்னாலும் போறேன். உதறு."

உதறினேன்.

இரண்டு முட்டை விழுந்தன. ஒன்று சிமெண்டில் மோதி, ஓடு நொறுங்கி, சிந்தாமல் உருண்டது. கசில்தாவின் அவித்த முட்டை. மற்றது பட்டென்று உடைந்து கறுப்பு ரத்தமும் மயிருமாகப் பரவியது. வரிசையில் அடுத்து நின்றவள் தன் கையைப் பார்த்தாள். அவள் முட்டை அவள் கையிலேயே இருந்தது. அவளுடைய வினை மட்டும் முன்கூட்டியே தரையில் கிடந்தது!

அப்புறம் என்ன, உண்டியலோடு மச்சானும் சாமியாரும் ஓட்டம் பிடித்தார்கள். பின்வாசல் குறுகலானது, இருவரும் அதில் சிக்கிக்கொண்டு பட்ட அவஸ்தையைப் பார்த்து, மாதக்கணக்கில் சிரிக்காத நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. அந்த அழுகை சாமியாருக்காக அல்ல, போய்விட்ட அந்த நிம்மதிக்காக.

திங்கட்கிழமை ஒப்தூலியா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரையையும் மறுபடி தொடங்கினார்கள். குணமாகிவிட்டேனா என்று கேட்காதீர்கள். பல் விளக்குகிறேன். சில நாள் கஞ்சியைச் சூடாகவே குடிக்கிறேன்.

போன வாரம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த ஒருவர் என் காதில் கிசுகிசுத்தார்: "பக்கத்து ஊர்ல ஒருத்தர் எலுமிச்சம்பழத்துல பாக்குறாராமே, கைராசிக்காரராமே?"

ஐயா, அவித்த முட்டை பச்சையாகாது. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞான வாத்தியார் தேவையில்லை. வாத்தியாரே மண்டியிட்டுக் கிடந்ததைத்தான் பார்த்தீர்களே! நீங்களாவது கொஞ்சம் யோசியுங்கள். யோசிப்பதற்கு யாரும் உண்டியல் வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் கூட்டமே இல்லை.