ஏழாம் குச்சி

குச்சியைப் பிடுங்கிய பிறகுதான், அதை எங்கே நடுவது என்று தான் யோசிக்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அது மூடிப் பல வருடமான பேருந்துப் பணிமனை. இடத்தை வாங்கப்போகிறவருக்கு மண்ணுக்குள் எண்ணெய், ஈயம் என்று என்னென்ன இறங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கெங்கே துளை போட்டு மண் எடுப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் அலுவலகத்தின் வேலை. திட்டப்படி சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டாயிற்று. காலையில் துளை எந்திரம் வரும். குச்சி இருக்கும் இடத்தில் துளை போடும். ஏன் எதற்கு என்று கேட்காது.

அவள் கையில் இருந்தது ஏழாம் எண் குச்சி. மெக்கானிக்குகள் பேருந்துக்கு அடியில் இறங்கி வேலை பார்த்த குழியின் வாயில் நின்றிருந்தது. அங்கே மண் எடுத்தால் எண்ணெய் வராமல் பன்னீரா வரும்? அதைக் கண்டுபிடிக்க அறிவு வேண்டாம், மூக்கு போதும். ஆனால் கூட்டத்தில் மேலாளர் என்ன சொன்னார்?

"உன் பிளானும் நல்லாத்தாம்மா இருக்கு. இடம் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு துளைன்னு ஒழுங்கா பண்ணியிருக்க. ஆனா தம்பி பிளான்ல ஒரு பார்வை இருக்கு."

தம்பி என்றால் இஸ்திரி. அவள் வைத்த பெயர். சேற்றில் இறங்கினாலும் சட்டை மடிப்புக் கலையாதவன். அப்பா பொறியாளர், தாத்தா பொறியாளர். "எங்க வீட்ல சாப்பாட்டு மேஜையிலயே இதெல்லாம் பேசிக்குவோம்" என்பான். அவள் வீட்டில் சாப்பாட்டு மேஜையே கிடையாது. டீ குடிக்கும்போது அந்தக் குழியைப் பற்றி வாயை விட்டது அவள்தான். அவன் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டான். மறுநாள் அது அவனுடைய பார்வை ஆகிவிட்டது.

அடுத்து வரும் பெரிய வேலைக்குக் குழுத் தலைவர் யார் என்பது இந்த இடத்தில் முடிவாகும் என்று மேலாளர் வேறு சொல்லி வைத்திருந்தார்.

சுற்றிப் பார்த்தாள். மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். இரவுக் காவலாளி இன்னும் வேலைக்கு வரவில்லை. அவர் அறையின் கூரை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே பெருக்கிவிட்டது போன்ற சுத்தமான மண்தரை. குச்சியை அங்கே ஊன்றிக் கல்லால் நாலு தட்டு தட்டினாள்.

"எடு ராசா, நல்ல செம்மண்ணா எடு."

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தாள். "என்னடி, இன்னிக்கு மூஞ்சில இவ்ளோ வெளிச்சம்?"

"ஒருத்தனுக்கு ஆப்பு வச்சிட்டு வந்தேன்."

"மண்ணு அள்ளவா இவ்ளோ படிப்புன்னு சொந்தக்காரங்க ஏற்கெனவே கேக்குறாங்க. இப்ப அதுலயும் போட்டியா?"

"உனக்குப் புரியாதும்மா."

"வயித்தெரிச்சல்தானே? அது படிக்காதவளுக்கும் புரியும்."

மறுநாள் அவள் அலுவலகத்தில் இருந்தாள். மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏழாம் நம்பர், காவலாளி ரூம் பக்கம். மண்ணு தாரு மாதிரி கறுப்பா வருதாம். கீழே எண்ணெய்த் தொட்டி ஒண்ணு புதைஞ்சு கிடக்கு. எந்த வரைபடத்துலயும் இல்லாத தொட்டி. தம்பி கலக்கிட்டான்."

அவளுக்குக் காதில் புகை வந்தது. அவள் நட்ட குச்சி. அவள் தட்டிய கல். அவனுக்கு மாலை.

இதை இப்படியே விடக்கூடாது. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"சார், பிளான்ல ஏழாம் நம்பர் குழி வாசல்ல இருக்கு. இவங்க ஓட்டை போட்டது காவலாளி ரூம்கிட்ட. நடுவுல ஒரு லாரியே நிக்கலாம். குச்சி எங்க நிக்குதுன்னுகூடப் பாக்காம வேலை பாத்திருக்காரு."

மேலாளர் முகம் சுருங்கியது. இஸ்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். துளை ஏன் இடம் மாறியது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவள் இனிப்பு போல் ருசித்தாள்.

"ஆமா சார்," என்றான் இஸ்திரி. "கடைசி நேரத்துல நான்தான் மாத்தினேன். அங்க ஏதோ இருக்குன்னு மனசு சொல்லுச்சு."

"பாத்தியாம்மா?" என்றார் மேலாளர். "நீ பிளானைப் பாக்குற. அவன் மண்ணைப் பாக்குறான்."

புளுகுமூட்டை. அவன் மாற்றவில்லை என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

அதோடும் முடியவில்லை. துளையை இடம் மாற்றியதற்கு அறிக்கையில் காரணம் எழுத வேண்டும். "நான் பேசிடுவேன் மேடம், எழுத்து உங்களுக்குத்தான் வரும்" என்று இஸ்திரி பல்லைக் காட்டினான். மேலாளரும் தலையாட்டினார்.

ஆக, அவள் நகர்த்திய குச்சியை அவன் ஏன் நகர்த்தினான் என்று அவளே எழுத வேண்டும்.

'பொறாமை' என்று தட்டினாள். அழித்தாள். சரி, ஒரு காரணமும் இல்லை என்று நிரூபித்து அவன் மானத்தை வாங்கலாம் என்று பணிமனையின் பழைய படங்களைத் தோண்டினாள். தோண்டத் தோண்டக் காரணமாகவே வந்தது. முற்றம் அந்தப் பக்கமாகத்தான் சரிகிறது. மழைத்தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கியிருக்கும். அந்தப் பக்கம் புல்லே முளைத்ததில்லை. வேறு வழியில்லாமல் எழுதினாள். படித்துப் பார்த்தால் பாவி மகன் மேதையாகத் தெரிந்தான்.

வாரக் கடைசியில், மாலை வேளையில், இடத்தை வாங்கப்போகிறவர் நேரில் வந்தார். தார்ப்பாய் போட்டு மூடிய துளையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். கூரை நீட்டிக்கொண்டிருந்தது அறையின் ஒரு பக்கம், துளை இருந்தது மறுபக்கம். அவள் கண்ணில் இஸ்திரியின் சட்டையைத் தவிர எதுவும் படவில்லை. அவன் அவள் எழுதியதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தான். சரிவு, தண்ணீர், புல்.

"பிரமாதம் தம்பி," என்றார் வாங்கப்போகிறவர்.

"அடுத்த வேலைக்குக் குழுத் தலைவரே இவருதான் சார்," என்றார் மேலாளர்.

"குச்சிய நகத்துனது நான்," என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள். வாய் திறந்தாயிற்று, இனி மூடி என்ன ஆகப்போகிறது?

"இவர் கெட்ட பேர் வாங்கணும்னு நான்தான் புடுங்கி இங்க நட்டேன். வேலையை விட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க சார். ஆனா இவரு நகத்தல. இவரு மனசு எதுவும் சொல்லல."

இஸ்திரியின் சட்டையில் முதன்முறையாக வேர்வை தெரிந்தது. மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கெடுக்கணும்னா எங்க வேணா நட்டிருக்கலாமே. இவ்ளோ பெரிய இடத்துல சரியா இங்க ஏன் நட்ட?"

அவளையும் அறியாமல் பதில் வந்தது. "முற்றம் சரியுது சார். தண்ணி தேங்கும். புல்லு முளைக்கல."

"அப்போ அந்தக் காரணமெல்லாம் உன்னோடதா?"

"எழுதினது நான்தானே சார்."

மேலாளர் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தார். "பண்ணது தப்புதான். ஆனா கை தானா சரியான இடத்துக்குப் போயிருக்கு பாரு. இதுக்குப் பேருதாம்மா பார்வை." குழுத் தலைவர் பதவி இஸ்திரியின் தோளிலிருந்து இறங்கி அவள் பக்கம் வருவது அவளுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

அப்போது இரவுக் காவலாளி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கூரைக்குக் கீழே, எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு, தார்ப்பாயையும் அவர்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குச்சிக்கா சார் பஞ்சாயத்து? வண்டி நிறுத்துற எடத்துல எவனோ அடிச்சு வச்சிருந்தான், நான்தான் புடுங்கி அந்தாண்ட சொருகினேன்."