டீகிளாஸும் என் வண்டியின் உதறலும்

கையில் டீ இல்லாமல் காருக்குள் ஏற மறுக்கிற மெக்கானிக் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். பூமியில் இவ்வளவு இடம் கிடக்க, அந்த ஒருத்தர் செஞ்சிக்கு வந்து, திண்டிவனம் ரோட்டில், என் ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே கடை போட்டார்.

அவருடைய பேர் யாருக்கும் தெரியாது. கடை போர்டில்கூடப் போடவில்லை. ஊருக்கு அவர் டீகிளாஸ்.

பிரேக் போட்டால் வண்டி உதறுகிறது என்று யாராவது வந்தால் போதும். பக்கத்து டீக்கடையில் முக்கால் கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறுவார். "வேகமா போயி மெதுவா பிரேக்க அழுத்து" என்பார். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பார். இவர் டீயைப் பார்ப்பார். அப்புறம் பின் சீட்டுக்கு மாறி இன்னொரு தடவை. எந்தச் சீட்டில் டீ அலை அடிக்கிறதோ அங்கேதான் நோய். கடைக்குத் திரும்பி, மிச்ச டீயைக் குடித்துவிட்டுத்தான் தீர்ப்பு சொல்வார்.

இதில் என்ன அதிசயம்? ஸ்டியரிங் உதறினால் முன் சக்கரத்து பிரேக் டிஸ்க்கைப் பார்க்கணும், சீட்டு உதறினால் பின் சக்கரத்து டிரம்மைப் பார்க்கணும். ஓட்டுகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். நான் காலங்காலமாக அப்படித்தான் கேட்கிறேன். என்னை வேடிக்கை பார்க்க ஒரு ஆடுகூட நின்றதில்லை. அவர் டீயோடு இறங்கினால் பஸ் ஸ்டாண்டே காலியாகி வந்துவிடும்.

ஒருநாள் ரைஸ்மில் ஓனர் ஒருத்தர், சூடாக வந்து நின்ற சக்கரத்தின் மேல் பக்கெட் தண்ணீரை ஊற்றினார். டீகிளாஸ் பாய்ந்து வந்தார்.

"யோவ், காய்ச்சல்ல கெடக்கறவன் தலையில ஐஸ் தண்ணிய ஊத்துவியா? டிஸ்க்கு கோணிக்காம இன்னா பண்ணும்?"

ரைஸ்மில்காரர் பயந்துபோய் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே ஆளுக்கு அதே விஷயத்தை நான் முந்தின மாசம் சொன்னபோது, "உனக்கு இன்னாத்துக்கு டென்ஷன்?" என்று கேட்டவர்.

அனந்தபுரத்து வாத்தியார் ஒருத்தருக்கு, "வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். நீங்கதான் பிரேக்கு மேலயே கால வெச்சினு ஓட்டறீங்க. செருப்ப கழட்டுங்க" என்று சொல்லி, மேல்சித்தாமூர் வரை வெறுங்காலோடு ஓட்ட வைத்தார். வாத்தியார் திரும்பி வந்து அவருக்குச் சால்வை போட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னதற்குச் சால்வை! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் என் சொந்த வண்டி உதற ஆரம்பித்தது.

பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் சாமி வந்ததுபோல் ஆடியது. முன்பக்கம் ரெண்டு டிஸ்க்கும் புதுசாக மாற்றினேன். பிரேக் பேடு மாற்றினேன். டயரைக்கூட இடம் மாற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து, வந்தவாசியில் கட்டிக்கொடுத்த மகளை வளைகாப்பு முடித்து அழைத்துவர வேண்டிய நாளும் வந்துவிட்டது.

"நெறமாச புள்ளைய இந்த வண்டியிலயா இட்டுனு வருவ?" என்றாள் என் மனைவி. "எதிர்ல போயி அவர கூப்புடு."

"செத்தாலும் மாட்டேன்."

"நீ சாவ வேணாம். நான் போறேன்."

அவள் ரோட்டைத் தாண்டுவதைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற ஒரு டெம்போவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த டெம்போவில் எந்த ரிப்பேரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு செருப்பு வந்து நின்றது. அப்புறம் ஒரு டீ கிளாஸ் தரையில் உட்கார்ந்தது. அப்புறம் ஒரு தலை குனிந்தது.

"வாண்ணே. நீதான் ஓட்டணும். எனக்குக் கை காலியில்ல."

கோட்டையைத் தாண்டிப் போய்ப் பிரேக் போட்டேன். டீ என் சட்டையில் பாதியும் அவர் சட்டையில் பாதியுமாகப் போனது. அவருக்கு ஒரே சந்தோஷம். "முன்னாடிதான்!" என்றார். அது எனக்குத் தெரியாதா?

என் கடையிலேயே, என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, சக்கரத்தையும் நான் மாட்டிய டிஸ்க்கையும் கழற்றினார். டிஸ்க் உட்காருகிற ஹப்பைத் தடவிப் பார்த்தார். பழைய துரு, வடையின் பொருக்குபோல ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. புது டிஸ்க் அதன் மேல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, சுற்றும்போது தள்ளாடியிருக்கிறது.

"டிஸ்க்கு நல்ல டிஸ்க்குண்ணே. இத மாட்டும்போது நீ எங்க பாத்துனு இருந்த?"

எங்கே பார்த்தேன்? அன்றைக்கு எதிர்க்கடையில் ஆறு வண்டி நின்றது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரெண்டு ஹப்பையும் கண்ணாடியாகத் துடைத்தார். டிஸ்க்கைப் படிய வைத்து, நட்டுகளை எதிர் எதிராக, ஒரே அளவு இறுக்கினார். புது டீ வாங்கிக்கொண்டு மறுபடி ஓட்டினோம். கிளாஸிலிருந்த டீயின் ஏடுகூடக் கிழியவில்லை.

அடுத்த நாள் மகள் வந்தவாசியிலிருந்து வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள். "நைனா, அதுக்குள்ள ஊரு வந்துட்ச்சா?" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. வயிறும் எரிந்தது.

இனி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். செருப்புக் கதையையே வாரக்கணக்கில் சொன்ன மனுஷன் அல்லவா? ஒரு சாயங்காலம் டீக்கடையைத் தாண்டும்போது யாரோ கேட்பது காதில் விழுந்தது.

"மெக்கானிக் வண்டிக்கே நீதான் மெக்கானிக்காமே?"

"யார் சொன்னது? அண்ணன் வண்டிக்கு ஒண்ணுமில்ல. சும்மா ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயி வந்தோம்" என்றார் டீகிளாஸ்.

கெட்டிக்காரனாக இருப்பது போதாதென்று, நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறார். ஒரு மனுஷன் எத்தனைக்குத்தான் பொறாமைப்படுவது?

இன்றைக்கும் அவர் கடையில் கூட்டம் சேர்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் காலையில் அவருடைய ஷட்டர் மேலே ஏறும் சத்தம் காதில் விழும்வரை என் கடையில் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.